கிரைசாந்தமமா, டென்ட்ரான்தெமாவா? சாமந்தியின் சொந்தபந்தம்

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் சாமந்தி போடும் குடும்பத்திலிருந்து வந்து, வேலூரில் பி.எஸ்ஸி. தாவரவியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: தோட்டக்கலைக் கையேட்டில் சாமந்திக்கு 'டென்ட்ரான்தெமா கிராண்டிஃப்ளோரா' என்று போட்டிருக்கிறது, வகுப்பில் 'கிரைசாந்தமம் மோரிஃபோலியம்' என்கிறார்கள், பழைய புத்தகத்தில் 'கிரைசாந்தமம் இண்டிகம்' என்று இருக்கிறது. எதை எழுதுவது? செண்டுமல்லி, ஆஸ்டர், டெய்சி எல்லாம் இதே பேரினம்தானா? பாலாற்றங்கரையில் தானாக முளைத்துக் கிடக்கும் சின்ன டெய்சி மாதிரிப் பூ எது?

முதலில் நேர் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நாம் கட்டி விற்கும் சாமந்திக்கு இன்று செல்லுபடியாகும் பெயர் கிரைசாந்தமம் மோரிஃபோலியம். டென்ட்ரான்தெமா என்பது இடையில் சுமார் நாற்பது வருடம் புழக்கத்தில் இருந்து, பிறகு வாபஸ் வாங்கப்பட்ட பெயர். செடி ஒன்றுதான். இண்டிகம் என்பது வேறு சிற்றினம், சாமந்தியின் முன்னோர்களில் ஒன்று. செண்டுமல்லியும் ஆஸ்டரும் இந்தப் பேரினம் இல்லை, அந்தப் பக்கமே இல்லை. வெள்ளை டெய்சி ஒரு காலத்தில் இந்தப் பேரினத்துக்குள் இருந்தது, பிறகு வெளியே அனுப்பப்பட்டது. ஆனால் இதையெல்லாம் விட ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. வேலூர் நேதாஜி மார்க்கெட் பூக்கடையில் சாமந்திக் கூடைக்குப் பக்கத்திலேயே கட்டுக்கட்டாகக் கிடக்கும் மரிக்கொழுந்து இருக்கிறதே, அதுதான் அந்தக் கடையில் சாமந்திக்கு மிக நெருங்கிய சொந்தம். பார்க்கப் பூவே இல்லாத அந்தத் தழை, அச்சு அசல் சாமந்தி போல இருக்கும் டெய்சியை விடவும் நெருக்கம்.

இது எப்படி என்று புரிந்தால் பெயர்க் குழப்பமும் தானாகத் தெளிந்துவிடும். அதற்கு ஒரு பூவைப் பிய்க்க வேண்டும்.

கொஞ்சம் முற்றிய சாமந்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மஞ்சள் பொட்டு தெரிகிற ரகமாக இருந்தால் நல்லது. அடுக்கு அதிகமான சாந்தினி, பூர்ணிமா மாதிரி ரகங்களில் நடுப்பகுதி இதழ்களுக்குள் புதைந்திருக்கும், கொஞ்சம் தோண்ட வேண்டும். நாம் 'இதழ்' என்கிற ஒன்றை அடியோடு உருவினால் அதன் அடிமுனையில் ஒரு மில்லிமீட்டர் சொச்சத்துக்கு வெளிர்பச்சையாகக் குட்டிக் காம்பு போல ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அது காம்பு இல்லை, சூற்பை. அதற்கு மேலே இதழ் குழலாகச் சுருண்டிருக்கும் இடத்திலிருந்து இரண்டாகப் பிளந்த மெல்லிய நூல் ஒன்று எட்டிப் பார்க்கும். அது சூல்முடி. ஆக, ஒவ்வோர் 'இதழும்' ஒரு முழுப் பூ, அதுவும் பெண் பூ. கதிர்ச் சிறுமலர் என்பது இதைத்தான். நடுப்பொட்டில் இருப்பவை தட்டுச் சிறுமலர்கள். ஐந்து பல் கொண்ட குட்டிக் குழல்கள், ஆணும் பெண்ணும் ஒன்றாக உள்ளவை. இத்தனையும் சேர்ந்த கூட்டத்துக்குத்தான் சிரமஞ்சரி என்று பெயர். சாமந்தி சேர்ந்த ஆஸ்டரேசி குடும்பம் முழுக்க இதே அமைப்புதான். 25,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள், பூக்கும் தாவரங்களில் ஆர்க்கிட் குடும்பம் மட்டுமே எண்ணிக்கையில் இதற்குப் போட்டி.

சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சுற்றிக் கதிர், நடுவில் தட்டு என்ற இந்த 'டெய்சி முகம்' குடும்பத்தின் பொதுச் சொத்து. சூரியகாந்திக்கும் உண்டு, ஜெர்பெராவுக்கும் உண்டு, கரிசலாங்கண்ணிக்கும் உண்டு. அதனால் முகத்தைப் பார்த்துச் சொந்தம் சொல்ல முடியாது. பூவைக் கவிழ்த்து, உள்ளே பிளந்து, இலையைக் கசக்கித்தான் பார்க்க வேண்டும்.

சாமந்தியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பச்சைச் செதில்கள் ஓட்டு வீட்டுக் கூரை போல வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு செதிலின் ஓரமும் வெங்காயத் தோல் போலக் காய்ந்து, ஒளி ஊடுருவுகிற மாதிரி இருக்கும். இது முக்கியமான அடையாளம். இப்போது எல்லாச் சிறுமலர்களையும் பிய்த்துப் போட்டுவிட்டு அவை உட்கார்ந்திருந்த மேடையைப் பாருங்கள், வழவழப்பாக வெறுமையாக இருக்கும். சூரியகாந்தியில் அப்படி இல்லை, ஒவ்வொரு விதைக்கும் நடுவே சொரசொரப்பான செதில் நிற்கும். சாமந்தியின் சூற்பை மேல் மயிரோ செதிலோ கிடையாது, அதாவது பாப்பஸ் இல்லை. இலை ஒன்றுவிட்டு ஒன்று மாறி அமைந்திருக்கும். கசக்கினால் அந்தக் காரமான, கற்பூரம் கலந்த வாசனை.

பக்கத்தில் ஒரு செண்டுமல்லியைக் கவிழ்த்து வையுங்கள். நம் பக்கம் துலுக்கச் சாமந்தி என்றும் சொல்வார்கள். அடியில் தனித்தனிச் செதிலே இருக்காது. எல்லாம் ஒட்டிப்போய் ஒரே பச்சைக் கிண்ணமாக நிற்கும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசியால் குத்தினது போல எண்ணெய்ச் சுரப்பிப் புள்ளிகள் தெரியும். விதைக்கு எடுத்து வைக்கும் அந்த நீளமான கறுப்புக் குச்சியின் தலையில் வைக்கோல் நிறச் செதில்கள் இருக்கும், அதுதான் பாப்பஸ். மெக்சிகோப் பக்கத்துச் செடி, பேரினம் டாஜிட்டெஸ். பெயரில் சாமந்தி ஒட்டிக்கொண்டதே தவிர ரத்த சம்பந்தம் ஒன்றும் இல்லை, குடும்பம் ஒன்று என்பதைத் தவிர.

ஆஸ்டர் என்று ஊதாவும் ரோஸுமாக மாலையில் வைத்துக் கட்டுகிறார்களே, அது காலிஸ்டெஃபஸ் சைனென்சிஸ். சீனப் பக்கத்துச் செடி. அந்தப் பேரினத்திலேயே அது ஒன்றுதான். வெளிச் செதில்கள் சின்ன இலைகள் மாதிரியே பச்சையாக விரிந்திருக்கும், சூற்பை மேல் மயிர்க் கற்றை இருக்கும். ஜெர்பெரா தென்னாப்பிரிக்கச் செடி, குடும்பத்துக்குள் இன்னும் தூரத்துக் கிளை. இந்த இரண்டுக்கும் மேல் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

இப்போது மரிக்கொழுந்துக்கு வருவோம். ஆர்ட்டிமீசியா பாலன்ஸ் என்பது அதன் பெயர், தவனம் என்றும் சொல்வார்கள். மருவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், மருவு துளசிக் குடும்பம். மரிக்கொழுந்துக் கட்டில் சில நேரம் மிளகை விடச் சின்னதாக மஞ்சள் குமிழ்கள் தொங்கும். அதுதான் பூ, அதாவது சிரமஞ்சரி. கண்ணுக்கு எடுப்பான கதிர்ச் சிறுமலர் ஒன்றுகூட இருக்காது. ஆனால் அந்தக் குமிழின் அடியில் பார்த்தால் அதே வெங்காயத் தோல் ஓரச் செதில்கள். இலை அதே மாதிரி வெட்டுப்பட்டு மாறி அமைந்தது. வாசனையும் அந்த வம்சத்து வாசனைதான். ஆர்ட்டிமீசியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு மகரந்தம் சுமப்பது காற்று. பூச்சியைக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லாத செடிக்கு விளம்பரப் பலகை எதற்கு? கதிர்ச் சிறுமலர்கள் சுருங்கிப்போயின, அவ்வளவுதான்.

ஆஸ்டரேசிக்குள் இந்த வெங்காயத் தோல் செதில்காரர்கள் எல்லாரையும் ஆந்தெமிடியே என்ற ஒரே இனக்குழுவில் வைத்திருக்கிறார்கள். சுமார் 1,800 சிற்றினங்கள். சீமைச் சாமந்தி, மாசிபத்திரி, மரிக்கொழுந்து, சாமந்தி, ஷாஸ்தா டெய்சி எல்லாம் இதற்குள் அடங்கும். அதற்குள்ளேயும் ஆர்ட்டிமீசினே என்று ஓர் உட்பிரிவு உண்டு. சாமந்தியும் மரிக்கொழுந்தும் அந்த உட்பிரிவில் கூடப்பிறந்தவர்கள். டெய்சி வேறு உட்பிரிவு. இந்த உறவு டி.என்.ஏ. ஆய்வுகள் வந்த பிறகுதான் சந்தேகமில்லாமல் உறுதியானது.

சரி, பெயர்க் கதைக்கு வருகிறேன். இதில்தான் ருசி அதிகம்.

1753-ல் கார்ல் லின்னேயஸ் கிரைசாந்தமம் என்ற பேரினத்தை நிறுவியபோது டெய்சி முகம் கொண்ட பலதரப்பட்ட செடிகளை அதில் போட்டார். மத்தியதரைக் கடல் ஓரத்து ஆண்டுச் செடியான கொரோனேரியம், ஐரோப்பிய வயல்களில் களையாக வரும் மஞ்சள் செகெட்டம், வெள்ளை டெய்சி, கிழக்காசிய இண்டிகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். இண்டிகம் என்ற பெயரைப் பார்த்துவிட்டு சாமந்தி இந்தியச் செடி என்று எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தக் காலத்து ஐரோப்பியருக்கு 'இந்தியா' என்றால் கீழை நாடுகள் மொத்தமும். செடி சீனா, ஜப்பான் பக்கத்தைச் சேர்ந்தது.

நாம் வளர்க்கும் பெரிய பூச் சாமந்திக்கு மோரிஃபோலியம் என்ற பெயரை 1792-ல் ராமத்துயேல் என்ற பிரெஞ்சுக்காரர் கொடுத்தார். மல்பெரி இலை போன்ற இலை என்று பொருள். கையேட்டில் இருக்கும் 'கிராண்டிஃப்ளோரம்' என்ற அடைமொழியும் அதே ஆளிடமிருந்து வந்ததுதான். போகிற போக்கில் ஒன்று: கையேட்டில் 'கிராண்டிஃப்ளோரா' என்று இருப்பது இலக்கணப் பிழை. டென்ட்ரான்தெமா பார்க்கப் பெண்பால் போல முடிந்தாலும் அஃறிணைப் பால் சொல், அதனால் 'கிராண்டிஃப்ளோரம்' என்றுதான் வர வேண்டும். யாரோ ஒருவர் தப்பாக எழுதியது கையேட்டிலிருந்து கையேட்டுக்கு ஒட்டிக்கொண்டே வருகிறது.

லின்னேயஸ் போட்ட கூரை ரொம்பப் பெரிது என்று அப்போதே சிலருக்குத் தோன்றியது. ஆன்ரி காசினி என்ற பிரெஞ்சுத் தாவரவியலர், வானியலில் பேர்போன காசினி வம்சத்தில் வந்தவர், ஆஸ்டரேசியை மட்டும் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். சூல்முடியின் நுனி எப்படி முடிகிறது, செதில் எப்படி அடுக்கியிருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்து குடும்பத்தை இனக்குழுக்களாகப் பிரித்தவர். இன்றைய வகைப்பாட்டின் எலும்புக்கூட்டில் பெரும்பகுதி அவருடையது. அவர் 1826-லேயே கிளெபியோனிஸ் என்று ஒரு பேரினத்தைத் தனியாக எடுத்து வைத்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கக் கிரைசாந்தமம் பெரிய கூட்டுக் குடும்பமாகவே ஓடியது. நம் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கும் பெந்தாம்–ஹூக்கர் வகைப்பாட்டு முறையும் அதைப் பெரிதாகவே வைத்திருந்தது.

1961-ல் சோவியத் தாவரவியலர் நிகோலாய் ட்ஸ்வெலெவ் கூட்டுக் குடும்பத்தைப் பிரித்தார். ஆண்டுச் செடிகளான மத்தியதரைக் கடல் வகைகள் ஒரு பக்கம், பல்லாண்டுச் செடிகளான கிழக்காசியச் சாமந்திகள் ஒரு பக்கம். கொரோனேரியத்தில் ஓரத்து விதைகள் மூன்று மூலையோடு இறக்கை வைத்திருக்கும், நடு விதைகள் வேறு வடிவம். சாமந்தியில் அந்த மாதிரி கிடையாது. உடைத்தது சரிதான். ஆனால் உடைத்த பிறகு பழைய பெயர் யாருக்கு?

வட ஆற்காட்டுக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். 1989-ல் வட ஆற்காடு மாவட்டம் உடைந்து திருவண்ணாமலை தனியே போனது. 2019-ல் மிச்சமிருந்த வேலூரும் உடைந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இரண்டு புது மாவட்டங்கள் வந்தன. ஆற்காடு ஊர் இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில். மாவட்டம் என்றால் எந்தத் துண்டுக்கு எந்தப் பெயர் என்பதை அரசாங்கம் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். தாவரவியலில் அது நடக்காது. ஒவ்வொரு பேரினப் பெயருக்கும் வகைமாதிரி என்று ஒரு சிற்றினம் உண்டு. எத்தனை துண்டாக உடைத்தாலும் அந்தச் சிற்றினம் எந்தத் துண்டில் விழுகிறதோ அந்தத் துண்டுக்குத்தான் பெயர். வட ஆற்காட்டுக்கு ஆற்காடு ஊர் வகைமாதிரி என்று வைத்துக்கொண்டால் பெயர் ராணிப்பேட்டையோடு போய்விடும். கலெக்டர் ஆபீஸ் வேலூரில்தானே இருந்தது, கூட்டம் எங்கள் பக்கம்தானே என்றெல்லாம் வேலூர்க்காரர் வாதாட முடியாது.

கிரைசாந்தமத்துக்கு வகைமாதிரி கொரோனேரியம். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்கும் சாமந்தி இல்லை, மத்தியதரைக் கடல் ஓரத்து ஆண்டுச் செடி! ஆக, கிரைசாந்தமம் என்ற பெயர் அந்த ஆண்டுச் செடிகளோடு போனது. பெயரில்லாமல் நின்ற சாமந்திக் கூட்டத்துக்கு, 1860-ல் தெ மூலான் என்பவர் பேரினமாக்கி வைத்திருந்த டென்ட்ரான்தெமா என்ற பழைய பெயரைத் தூசு தட்டி எடுத்து மாட்டினார்கள். விதிப்படி எல்லாம் சரி. 1993-ல் பிரெமர், ஹம்ப்ரீஸ் என்ற இரண்டு தாவரவியலர்கள் சேர்ந்து இந்த இனக்குழு முழுவதையும் அலசி எழுதியபோதும் சாமந்தி டென்ட்ரான்தெமாவில்தான் இருந்தது. நம் ஊர்க் கையேடுகளில் பல அந்தக் காலத்தில் தயாரானவை, அல்லது அவற்றைப் பார்த்து எழுதியவை. உங்கள் குழப்பத்தின் ஊற்றுக்கண் அதுதான்.

பூ வியாபாரிகளும் தோட்டக்காரர்களும் இதை ஏற்கவே இல்லை. சாமந்திச் சங்கங்கள், ஏல மையங்கள், ரகப் பதிவேடுகள் எல்லாம் கிரைசாந்தமம் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்க, தாவரவியலர் மட்டும் அது கிரைசாந்தமம் இல்லை என்றால் யார் கேட்பார்கள்? நல்லவேளையாகத் தாவரப் பெயர் வைக்கும் விதிப்புத்தகத்திலேயே ஒரு வழி இருக்கிறது. ஒரு பெயரை மாற்றினால் பெரிய குழப்பம் வரும் என்றால், விண்ணப்பம் போட்டு அந்தப் பெயரைப் புது வகைமாதிரியோடு 'பாதுகாக்க'ச் சொல்லலாம். 1995-ல் பியர்ஸ் டிரெஹேன் என்ற பிரிட்டிஷ் தாவரப் பெயரியலர் அப்படி ஒரு முன்மொழிவை வைத்தார்: கிரைசாந்தமத்தின் வகைமாதிரியை இண்டிகத்துக்கு மாற்றுங்கள் என்று. 1999-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு அதற்கு முத்திரை குத்தியது.

அன்றோடு சாமந்திக்குப் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது, டென்ட்ரான்தெமா மாற்றுப்பெயர் பட்டியலுக்குப் போனது. பாவம், கொரோனேரியம்தான் பெயர் இழந்தது. காசினி 1826-ல் எடுத்து வைத்த கிளெபியோனிஸ் என்ற பெயர் அதற்குக் கைகொடுத்தது. இப்போது அது கிளெபியோனிஸ் கொரோனேரியா. என் கணிப்பில் இது நல்ல தீர்ப்பு. அறிவியலில் உடைக்க வேண்டியதை உடைத்தார்கள், ஆனால் பெயரை அதைப் பயன்படுத்துகிறவர்களிடமே விட்டார்கள். டென்ட்ரான்தெமாவைத் தூக்கிவிட்டார்கள் என்பதால் ட்ஸ்வெலெவ் செய்தது தப்பு என்று எழுதிவிடாதீர்கள். அவருடைய பிரிவினை அப்படியே நிற்கிறது, பெயர்ப் பலகை மட்டும்தான் மாறியது.

பழைய கூட்டுக் குடும்பத்திலிருந்து வெளியேறிய மற்றவர்களையும் தெரிந்துகொள்ளுங்கள், தேர்வில் வரும். வெள்ளை டெய்சி லூகாந்தமம் ஆனது. அமெரிக்காவின் லூதர் பர்பேங்க் கலப்பு செய்து உருவாக்கிய ஷாஸ்தா டெய்சியும் அதில்தான். கேனரித் தீவுகளின் புதர் டெய்சிகள் ஆர்ஜிரான்தெமம். பூச்சிக்கொல்லி எடுக்கும் பைரித்ரம் செடி டானாசெட்டம் சினரேரிஃபோலியம் ஆனது.

இந்தக் கடைசி ஆளால் ஒரு வேடிக்கை நடக்கிறது. கொசுவை விரட்டும் பைரித்ரின் என்ற பொருள் அந்த அட்ரியாடிக் கடலோர டால்மேஷியாப் பகுதிச் செடியின் காய்ந்த பூவிலிருந்து வருவது. அதைப் பார்த்து 1949-ல் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய முதல் செயற்கை நகல்தான் அலெத்ரின். கொசுவத்திச் சுருள் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அந்தப் பெயரின் வாரிசு ஏதாவது ஒன்று இருக்கும். பழைய புத்தகங்களில் அந்தச் செடிக்குக் கிரைசாந்தமம் சினரேரிஃபோலியம் என்று பெயர். அதை அரைகுறையாகப் படித்துவிட்டு, 'சாமந்திப் பூவைக் காயவைத்துப் புகை போட்டால் கொசு போகும்' என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றவிடுகிறார்கள். நம் சாமந்தியை எரித்தால் புகைதான் வரும். அதே மாதிரிதான் சாமந்தி டீயும். சீனர்கள் குடிப்பது இதே சிற்றினம்தான், ஆனால் குடிக்கவென்றே வளர்த்த ரகம். 'கேமமைல்' என்பது சீமைச் சாமந்தி, அது மெட்ரிகேரியா என்ற வேறு பேரினம். மாலைக்கென்று மருந்தடித்து வளர்த்த பூவை வெந்நீரில் போட்டுக் குடிக்க வேண்டாம்.

விவசாயம் செய்கிறவர்களுக்கு வகைப்பாட்டால் என்ன லாபம் என்று உங்கள் வீட்டில் கேட்கக்கூடும். இரண்டு உதாரணம் சொல்கிறேன். செண்டுமல்லியின் வேர் நூற்புழுவை அடக்கும் ஒரு பொருளை வெளிவிடுகிறது, அதனால்தான் தக்காளிக்கு முன்னாலோ ஊடாகவோ அதைப் போடச் சொல்வது. 'சாமந்தி' என்று பொதுவாகக் காதில் வாங்கிக்கொண்டு இந்தச் சாமந்தியைப் போட்டால் அந்தப் பலன் கிடைக்காது. சாமந்தியின் இலையிலேயே நூற்புழு புகுந்து கறுக்கடிக்கும். இரண்டாவது, பக்சினியா ஹோரியானா என்ற பூஞ்சை உண்டாக்கும் வெள்ளைத் துரு நோய். இது தொற்றுவது சாமந்தியையும் அஜானியா போன்ற கிழக்காசியச் சொந்தங்களையும்தான். வெள்ளை டெய்சி, பைரித்ரம், கொரோனேரியம் இவற்றைத் தொடுவதில்லை. தாவரவியலர்கள் இதையெல்லாம் கிரைசாந்தமம் என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்த காலத்திலேயே பூஞ்சை சரியாகப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தது.

அஜானியா என்று சொன்னேன் அல்லவா? அதில்தான் இப்போது புதுப் பஞ்சாயத்து. கதிர்ச் சிறுமலரே இல்லாமல் மஞ்சள் பொத்தான் மாதிரிப் பூக்கும் ஆசியச் செடிகள் அவை. கதிர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தால் அஜானியாக்களும் கிரைசாந்தமங்களும் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன, ஒன்றோடொன்று கலப்பும் ஆகின்றன. அதனால் அஜானியா பசிஃபிகாவைக் கிரைசாந்தமம் பசிஃபிகம் என்றே பலர் எழுதுகிறார்கள். மரிக்கொழுந்தில் பார்த்த அதே பாடம்தான், கதிர்ச் சிறுமலர் வரும் போகும், அதை நம்பிப் பேரினம் பிரிக்க முடியாது. இன்று கிரைசாந்தமம் பேரினத்தில் ஏறத்தாழ 40 சிற்றினங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அஜானியாவைச் சேர்த்தால் எண்ணிக்கை ஏறும்.

நம் சாமந்தி இவற்றில் எதிலிருந்து வந்தது? ஒன்றிலிருந்து இல்லை. சீனாவில் ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கும் மேலாகத் தோட்டங்களில் வைத்துக் கலந்து கலந்து உண்டான கலப்பினம் அது. இண்டிகம் உட்படப் பல காட்டுச் சிற்றினங்களின் பங்கு அதில் இருக்கிறது. அதனால்தான் சிலர் பெயருக்கு நடுவே பெருக்கல் குறி போட்டு எழுதுகிறார்கள், இரண்டும் ஏற்கத்தக்கதே. இந்தப் பேரினத்தின் அடிப்படைக் குரோமோசோம் எண்ணிக்கை 9. இண்டிகம் பெரும்பாலும் நான்கு மடங்கு, அதாவது 36. சாமந்தியில் வழக்கமாக ஆறு மடங்கு, 54. ரகத்துக்கு ரகம் கூடக் குறைய இருக்கும். விதை போட்டால் தாய் மாதிரி வராது, எது வேண்டுமானாலும் வரும். உங்கள் வீட்டில் பக்கக் கன்றைப் பிரித்தோ தண்டை ஒடித்தோதான் நடுவார்கள், விதைத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். காரணம் இதுதான். ஒரு ரகம் என்பது உண்மையில் ஒரே செடி, லட்சக்கணக்கான துண்டுகளாக.

எழுதும் முறைக்கு வருவோம். தேர்வுத் தாளில் 'கிரைசாந்தமம் மோரிஃபோலியம்' என்று எழுதி, மாற்றுப்பெயர் 'டென்ட்ரான்தெமா கிராண்டிஃப்ளோரம்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஆய்வுக் கட்டுரை தேடும்போது மட்டும் இரண்டு பெயரிலும் தேடுங்கள். டென்ட்ரான்தெமா புழங்கிய வருடங்களில் வந்த கட்டுரைகள், முக்கியமாகத் திசு வளர்ப்பு பற்றியவை, அந்தப் பெயரில் நிறையக் கிடக்கின்றன. விதைப் பாக்கெட்டில் 'கிரைசாந்தமம், ஆண்டுப் பயிர்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் கிளெபியோனிஸாக இருக்கும், சாமந்தி என்று நம்பி வாங்கிவிடாதீர்கள்.

கடைசியாகப் பாலாற்றங்கரைப் பூ. நீளமான ஒற்றைக் காம்பின் நுனியில் மஞ்சள் பொட்டு, சுற்றிலும் ஐந்தாறு வெளிர் இதழ், ஒவ்வோர் இதழின் நுனியும் மூன்றாக வெட்டுப்பட்டிருந்தால் அது வெட்டுக்காயப் பூண்டு, டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ். காய்ந்த தலையை ஊதினால் இறகு வைத்த விதைகள் பறக்கும். அந்த இறகு ஒன்றே போதும், அது சாமந்திப் பேரினம் இல்லை என்று சொல்ல. வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே குடியேறிய செடி, சூரியகாந்திப் பக்கத்து உறவு.

அதே ஈரத்தில் குட்டி வெள்ளைப் பூவோடு படர்ந்திருப்பது வெள்ளைக் கரிசலாங்கண்ணி, எக்லிப்டா புரோஸ்ட்ரேட்டா. மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கும் பெயர் மாறிவிட்டது, வெடிலியாவிலிருந்து ஸ்ஃபக்னெட்டிகோலா கலெண்டுலேசியா என்று. இதே பேரினத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த ட்ரைலொபேட்டா என்ற சிற்றினம் ஒன்று உண்டு. ரோட்டு நடுவிலும் பூங்காக்களிலும் தரை மூடுவதற்கு வைக்கிறார்கள், மஞ்சள் பூவைப் பார்த்துப் பலர் கீரைக்குப் பறித்துக்கொண்டு போகிறார்கள். இலையைப் பாருங்கள். மஞ்சள் கரிசலாங்கண்ணி இலை ஒடுங்கி நீண்டு வெட்டில்லாமல் இருக்கும். தடித்து, பளபளப்பாக, மூன்று மடலாகப் பிரிந்திருந்தால் அது அழகுச் செடி, கீரைக்குப் பறிக்க வேண்டாம்.